பிடி விடாத கை

செக்கிங் தான் செய்யும் ரிமோட் விமானத்தின் இறக்கைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த இறக்கை. தக்கைபோல லேசான பால்சா மரச் சட்டங்களின் மேல் மெல்லிய மஞ்சள் பிளாஸ்டிக் தாள். சூடு பட்டால் சுருங்கி, மேளத்துத் தோல்போல விறைத்துக்கொள்ளும் ரகம். இடது கை தாளின் ஓரத்தை இழுத்துப் பிடித்திருக்க, வலது கை சின்ன இஸ்திரிப் பெட்டியை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தியது. திரும்பவும் நடுவிலிருந்து ஓரத்துக்கு. சுருக்கங்கள் ஒவ்வொன்றாக ஓடி மறைந்தன.

பெட்டி அவர் மனைவியுடையது. திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை அவளுக்கு. மடிப்பு வைப்பதற்கென்று வாங்கியது. விமான வேலைக்கு இரவல் போன நாளிலிருந்து அது துணிப்பக்கம் திரும்பவேயில்லை. அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, திரைச்சீலைப் பட்டையில் கொக்கி கோத்துக்கொண்டிருந்தாள்.

வாசனைதான் முதலில் வந்தது. பிளாஸ்டிக் கருகும் வாசனை. நிமிர்ந்து பார்த்தாள். பெட்டி ஒரே இடத்தில் நின்றிருந்தது. அதைச் சுற்றி மஞ்சள் தாள் பழுப்பாகி, குமிழ் விட்டு, ஓட்டையாகிக்கொண்டிருந்தது. செக்கிங் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பார்க்கவில்லை. உதடு மட்டும் எதையோ சுவைப்பதுபோல மெல்ல அசைந்தது.

"ஏங்க."

பதில் இல்லை. எழுந்து போய்ப் பெட்டியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அவர் விரல்கள் கைப்பிடியை அப்படி இறுக்கியிருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

கொஞ்சம் பொறுத்து அவர் கண்ணைச் சிமிட்டினார். ஓட்டையைப் பார்த்தார். "சூடு கூடிப்போச்சா?" என்றார்.

"சூடெல்லாம் சரியாத்தான் இருந்துது. நீங்கதான் நின்னுபோயிட்டீங்க."

"யோசிச்சுட்டு இருந்தேன்."

"யோசிக்கிறவங்க கூப்பிட்டா திரும்புவாங்க."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மஞ்சள் தாள் தீர்ந்துபோயிருந்ததால் சிவப்புத் தாளில் ஒரு துண்டு வெட்டி ஓட்டையை ஒட்டினார். இறக்கையின் மேல் அது ஒரு காயம்போலத் தெரிந்தது. அலங்காரத்துக்கு வைத்ததுபோல இருக்கட்டும் என்று, இறக்கையின் மறுபாதியிலும் அதே இடத்தில் ஒரு சிவப்புத் துண்டை ஒட்டிவைத்தார். ஒன்றை மறைக்க இன்னொன்று ஒட்டுகிற வேலையை அவளும்தான் கொஞ்ச நாளாகச் செய்துகொண்டிருந்தாள்.

'நின்றுபோவது' என்பது அவளே வைத்த பெயர். முதலில் டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது வந்தது. தண்ணீர் வழிந்து மேசை முழுக்க ஓடியது. பிறகு செருப்பு மாட்டும்போது. பிறகு பேச்சின் நடுவில். பாதி வாக்கியத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நிற்கிற மாதிரி நிற்பார். மீதியை அவள் மனதுக்குள் சொல்லி முடிக்கும் நேரத்துக்குத் திரும்பி வருவார். நின்றது அவருக்குத் தெரியாது. வலி என்றால் சொல்லிவிடுவார், மயக்கம் என்றால் விழுந்துவிடுவார். இது இரண்டும் இல்லை. விழாமல், கையில் இருப்பதைப் போடாமல், ஆள் மட்டும் எங்கேயோ போய்விடுகிறது.

அவர் தொழிலும் லிஃப்ட்தான். மாடிக் கட்டடங்களில் லிஃப்டைப் பராமரிக்கும் மெக்கானிக். 'செக்கிங்' என்பது கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பட்டப்பெயர். ஒரு திருகை முடுக்கினால் மூன்று முறை தொட்டுப் பார்ப்பார். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். கல்யாணத்தன்று தாலியின் முடிச்சையும் இழுத்துப் பார்த்தார் என்று மச்சினன் ஒரு கதை கட்டிவிட்டிருந்தான். பொய்தான். ஆனால் கேட்டவர் எல்லோரும் நம்பினார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். அட்டையில், உள்ளே இருப்பவரின் பெயர். போட்டவர்தான் கழற்றலாம். மேலதிகாரியோ கட்டடத்துக்காரரோ, யாராக இருந்தாலும் கை வைக்கக் கூடாது. ஒரு தடவை, அவரோடு வேலை பார்த்த ஒருவர் காய்ச்சலில் அட்டையை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கட்டடம் முழுக்க மாடிப்படியில் மூச்சு வாங்கியது. குழிக்குள் ஆள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்; செக்கிங்கே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டார். இருந்தும் கழற்றவில்லை. பஸ் ஏறிப் போய், காய்ச்சல்காரரைப் போர்வையோடு கூட்டிவந்து, அவர் கையாலேயே கழற்றவைத்தார். கழற்றிய கையோடு அந்த மனிதர் அங்கேயே வாந்தி எடுத்தார். "இப்ப நீ கழட்டினே. இப்ப சரி," என்றாராம் செக்கிங்.

அப்படிப்பட்டவர் தனக்கு வந்ததை மட்டும் சோதித்துப் பார்க்க மறுத்தார்.

விமானம் அவருடைய சொந்த வடிவம். அதற்கு முன்னால் செய்ததெல்லாம் பிறர் வரைந்த படத்தைப் பார்த்துச் செய்தவை. முதலாவது பறந்த வேகத்தில் இரண்டாக முறிந்தது, அதைச் சந்தை சாமான்போலப் பையில் போட்டுக்கொண்டு முகம் மாறாமல் வீட்டுக்கு வந்தார். இந்த முறை மனைவியின் கடையில் துணி சுற்றிவரும் பழுப்புத் தாளைப் படுக்கையறைச் சுவரில் ஒட்டி, தானே வரைந்தார். அழித்து அழித்து வரைந்ததில் அவளுக்குத் தூக்கத்திலும் அந்த இறக்கையின் வளைவு தெரிந்தது. எஞ்சின், புல் வெட்டும் மெஷினிலிருந்து கழற்றியது. குளியலறையில் வைத்து ஓட்டிப் பார்த்த அன்று கூரை கறுத்தது. கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, நீங்கள் குளிப்பதற்கு இவ்வளவு சத்தமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

எடை சரியாக உட்கார வேண்டும் என்று இரண்டு விரல் நுனியை இறக்கையின் அடியில் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார். வால் தொங்கினால் ஆபத்து, மூக்கு லேசாகத் தாழ்ந்தால் நல்லது. வால் தொங்கத்தான் செய்தது. திரைச்சீலையின் அடிமடிப்பில் வைத்துத் தைக்கும் ஈயக் குண்டுகளைக் கைப்பிடியளவு அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். அவை மூக்குக்குள் போனதும் விமானம் விரல் நுனியில் சமமாக நின்றது. அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை அவள் அதற்கு முன் அதிகம் பார்த்ததில்லை.

எதற்கு இந்தப் பாடு என்று அவள் கேட்டதற்கு ஒரே ஒரு தடவை பதில் சொல்லியிருக்கிறார். நாள் முழுக்கக் கயிற்றில் தொங்குகிற பெட்டியோடு பிழைப்பு நடக்கிறது. கயிறே இல்லாமல் ஒன்று மேலே போய் நிற்பதைப் பார்க்க வேண்டும், அதுவும் தான் வரைந்ததாக இருக்க வேண்டும்.

இஸ்திரி சம்பவத்துக்கு மறுநாள் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். முதலில் டாக்டர், பிறகு விமானம். அவர் கெஞ்சினார். டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியும், இந்த மாதிரி ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டால் குழிப்பக்கம் விடமாட்டார்கள், விமானத்தின் ரிமோட்டையும் தொட முடியாது. ஞாயிற்றுக்கிழமை விமானம் விடுகிறவர்கள் கூடும் மைதானத்தில் பறக்கட்டும், அதற்கப்புறம் திங்கட்கிழமை தானே வருவதாகச் சொன்னார். யாரிடமும் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டார்.

அந்த வாரம் அவள் தம்பி, தாலிக் கதை கட்டிய அதே மச்சினன், வந்திருந்தான். அவனும் அதே கம்பெனி. மாமாவோடுதான் ஜோடி போட்டு வேலை. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஆனால் வாய் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. அக்கா சும்மா கேட்பதுபோலக் கேட்டாள், குழி வேலையில் யார் எங்கே நிற்பீர்கள் என்று.

"மாமா லிஃப்டோட தலை மேல. நான் குழியில, அடியில. மெயினைப் போட்டு மெதுவா ஓட்டிப் பார்க்கணும்னா, மேல ஒரு பட்டன் இருக்கு. அழுத்திட்டே இருந்தா லிஃப்ட் நகரும், கையை எடுத்தா நிக்கும். மொத்தத்துல என் உயிர் மாமா கட்டைவிரல்ல இருக்குக்கா. அதான் அவருக்கு நான் பயப்படறேன், உனக்கு பயப்படறதில்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளுக்கு அவன் தட்டில் பரிமாற எடுத்த கரண்டி கையிலேயே நின்றது. ஒரு நொடி, அவளும் நின்றுபோனதாக அவளுக்கே தோன்றியது.

அன்று மாலை மறுபடி ஆரம்பித்தாள். அவ்வளவு பேர் கூடும் மைதானத்தில், தலைக்கு மேல் இதைப் பறக்கவிட்டுவிட்டு நீங்கள் நின்றுபோனால்? அவர் அதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருந்தார். ரிமோட்டைப் போட்டு, விமானத்தின் எஞ்சின் பக்கத்து மூடியைக் கழற்றிக் காட்டினார். எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் சின்னக் கை ஒன்று அங்கே இருந்தது. பிறகு ரிமோட்டை அணைத்தார். சின்னக் கை தானாக மூடிக்கொண்டது, வால் துடுப்பு லேசாக ஒரு பக்கம் திரும்பி நின்றது. ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரில் முன்கூட்டியே பதிந்துவைத்திருக்கிறார். எஞ்சின் அணையும், வட்டமடித்தபடி மெதுவாக இறங்கும். ஒருத்தர் மேலும் பாயாது.

அவள் இரண்டு தடவை அணைக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ரிமோட் அணைஞ்சா இறங்கும். சரி. நீங்க அணைஞ்சா?"

அவர் நின்றுபோனாலும் ரிமோட் நிற்காது. அவர் விரல் கடைசியாகச் சொன்னதையே விமானத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். செக்கிங் ரிமோட்டைக் கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கடைசியில், அவள் பக்கத்திலேயே நிற்கட்டும், அப்படி ஏதாவது ஆனால் அவளே ரிமோட்டின் சுவிட்சை அணைத்துவிடட்டும் என்றார். அவளும் ஒத்துக்கொண்டாள். நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. அவள் செய்த தப்பு அது. முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில், முடிகிற மாதிரி ஒரு வழி கிடைத்ததே என்று நிம்மதிப்பட்டாள்.

மறுநாள் எஞ்சினைப் பொருத்தும்போது, அந்தச் சின்னக் கையைத் தள்ளும் கம்பி மரப்பலகையில் உரசியது. செக்கிங் கம்பியைக் கழற்றி, மறுபக்கமாக மாட்டினார். இப்போது எல்லாம் தலைகீழ். கூட்டினால் குறைந்தது, குறைத்தால் கூடியது. அது ஒரு பெரிய விஷயமே இல்லை. ரிமோட்டில் அதற்கென்று ஒரு வசதி உண்டு, திசையை மாற்றிவிட்டார். கூட்டிப் பார்த்தார், கூடியது. குறைத்துப் பார்த்தார், குறைந்தது. மூன்று தடவை பார்த்தார். ரிமோட்டை அணைத்து மட்டும் பார்க்கவில்லை. அதைத்தான் நேற்றே பார்த்தாயிற்றே.

ரிமோட்டுக்குத்தான் திசை மாறியது தெரியும். ரிசீவரில் பதிந்துவைத்தது பழைய கணக்கிலேயே கிடந்தது. நேற்று 'மூடு' என்றிருந்த இடம் இன்று 'முழுக்கத் திற'. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கிதான் கோத்துக்கொண்டிருந்தாள். இருவர் கண்ணுக்கு முன்னாலும் அது நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கயிறு கட்டி, பார்க்க வந்தவர்களை ஒருபக்கம் நிறுத்தியிருந்தார்கள். இந்தக் கூட்டத்தை நடத்துபவர் ஒரு பேக்கரிக்காரர். அவரும் விமானம் செய்கிறவர்தான், ஆனால் கடையில் வாங்கிப் பொருத்துகிற வகை. அவருடைய மாமனார் மடக்கு நாற்காலியில், கறுப்புக் குடையின் கீழ் உட்கார்ந்து, வெயிலை, சத்தத்தை, மருமகனை வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தார். தம்பி விமானத்தைத் தோளில் தூக்கி வந்தான். வழியில் எல்லோரிடமும், இது எங்கள் மாமா பெற்ற பிள்ளை, சுமப்பது மட்டும் நான் என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

செக்கிங் பேட்டரி இணைப்பிலிருந்து தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையைக் கழற்றிப் பையில் வைத்தார். வீட்டிலும் அதே சட்டம்தான். விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறிக்குப் பக்கத்தில் விரல் இருக்கும் வரை அட்டை தொங்கும். எஞ்சின் இரைந்தது. புல்லில் கொஞ்ச தூரம் ஓடி, விமானம் தரையை விட்டது.

அது நன்றாகத்தான் பறந்தது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. தடுமாறவில்லை, சாயவில்லை. அந்தப் பழுப்புத் தாளில் இருந்த வளைவு ஆகாயத்தில் அப்படியே திரும்பியது. பேக்கரிக்காரர் கைதட்டுவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மட்டும் மேலே பார்க்கவில்லை. வந்ததிலிருந்து கணவரின் இரண்டு கட்டைவிரல்களையும் உதட்டையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து வலித்தது குனிந்து பார்த்ததால், அண்ணாந்து பார்த்ததால் அல்ல.

விமானம் தூரத்தில் திரும்பி, கூட்டத்தின் பக்கமாக வந்துகொண்டிருந்தது. அப்போது கட்டைவிரல் நின்றது. உதடு அசைய ஆரம்பித்தது.

"ஏங்க," என்றாள். ஒரே ஒரு தடவைதான். விமானம் சாய்ந்தவாக்கிலேயே, கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கயிற்றை நோக்கி வந்தது. யாருக்கும் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. வேடிக்கை காட்டக் கிட்டே கொண்டுவருகிறார் என்று நினைத்திருப்பார்கள். அவள் கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தாள்.

எஞ்சின் அணையவில்லை. அலறியது.

முழு வேகத்தில், மூக்கைக் கீழே வைத்து, விமானம் கயிற்றின் மேல் பாய்ந்தது. ஆட்கள் இருந்த இடத்திலேயே விழுந்து படுத்தார்கள். குடை இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் துணி கிழிந்து பறந்தது. பிறகு பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் ஒரு சத்தம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

பேக்கரிக்காரரின் மாமனார், கீழே போட்டிருந்த பாட்டிலை எடுக்க அந்த நேரம் பார்த்துக் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது கையில் குடைக் கம்பி மட்டும் இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "புதுக் குடைடா," என்றார். அவள்தான் ஓடிப்போய் அவரைத் தரையில் உட்காரவைத்து, தலையையும் கழுத்தையும் தடவிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை.

அவள் திரும்பி வந்தபோது செக்கிங் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வெறும் ஆகாயத்தைத் தேடினார். யார் எஞ்சினைக் கூட்டியது என்று கேட்டார். பேக்கரிக்காரர் அவளைக் காட்டினார். நல்லாப் பறந்துக்கிட்டு இருந்ததும்மா, நீங்க எதுக்குக் கையை வெச்சீங்க என்றார். எல்லோரும் பார்த்ததும் அதைத்தான். கணவன் ஓட்டிக்கொண்டிருந்தார், மனைவி கையை வைத்தாள், விமானம் பாய்ந்தது. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் பார்வையும் அவள் கையில்தான் இருந்தது. அவரும் அதை நம்பினாரோ என்னவோ. அவரும்தான் அந்த நேரத்தில் அங்கே இல்லையே.

உடைந்ததைத் தம்பி மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தான். வழியில் ஜோக் எதுவும் இல்லை. விளக்குப் போடும் நேரம். செக்கிங் மேசையில் துண்டுகளைப் பரப்பினார். ரிசீவர் உடையவில்லை, அந்தச் சின்னக் கையை அசைக்கும் மோட்டாரும் உடையவில்லை. இரண்டையும் இணைத்து, ரிமோட்டைப் போட்டு, பிறகு அணைத்தார். கை முழுக்கத் திறந்துகொண்டது. திரும்பப் போட்டார், அணைத்தார். திறந்துகொண்டது. மூன்றாவது தடவையும்.

"என் தப்பு," என்றார். "கம்பியை மாத்தினேன். இதை செக் பண்ணலை."

தம்பிக்கு மூச்சு வந்தது. அப்படியானால் அக்கா மேல் தப்பில்லை, மெஷின்தான், பேக்கரிக்காரரிடம் நானே சொல்கிறேன் என்று எழுந்தான். செக்கிங்கின் முகமும் தெளிந்துகொண்டே வந்தது. கண்டுபிடிக்கக் கூடிய ஒரு தப்பு கிடைத்துவிட்டது அவருக்கு. பதிந்ததை மாற்றினால் தீர்ந்தது, இறக்கையில் பாதி தேறும், ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி பறக்கவிடலாம் என்றார். நாளை குழி வேலை இருக்கிறது, காலையில் சீக்கிரம் வந்துவிடு என்று தம்பியிடம் சொன்னார். டாக்டரைப் பற்றிய பேச்சே இல்லை.

அவள் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அடியில் மஞ்சள் பிளாஸ்டிக் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"லிஃப்ட் மேல அந்தப் பட்டன். கையை எடுத்தா நிக்கும்னு இவன் சொன்னான். நீங்க கையை எடுக்கறதே இல்லையே. இதை விட்டீங்களா? விரல் விரலா நான்தான் பிரிச்சேன்."

தம்பிக்குப் புரியவில்லை. அவள் அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். டம்ளர், செருப்பு, இறக்கையில் ஒட்டிய சிவப்புத் துண்டு, இன்று மைதானத்தில் நின்ற கட்டைவிரல். செக்கிங் நடுவில் ஒரு தடவை, அது சும்மா களைப்பு என்றார். அவள் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

தம்பி மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, போன வாரம் நான் குழியில இருந்தேன். நிறுத்துங்கன்னு கத்தினேன். நீங்க நிறுத்தலை. லிஃப்ட் வந்துட்டே இருந்துது. சுவத்துல இருக்கிற ஸ்டாப் பட்டனை எட்டி நான்தான் தட்டினேன்."

"நீ என்கிட்ட சொல்லலையே."

"விளையாடறீங்கன்னு நினைச்சேன். நீங்க விளையாட மாட்டீங்கன்னு தெரியும். இருந்தாலும் அப்படித்தான் நினைச்சேன். வேற எப்படி நினைக்கிறது?"

செக்கிங் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அந்த வேலை அவருக்கு ஞாபகம் இருந்தது. லிஃப்ட் திடீரென நின்றதும், ஏன் நின்றது என்று தெரியாமல் மேலேயிருந்த எல்லா ஒயரையும் சோதித்ததும் ஞாபகம் இருந்தது. தம்பி கத்தியது இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை.

அவள் அவருடைய பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தாள். அவர் பெயரை ஈரத்துணியால் துடைத்தாள். தையல் சாக்கட்டியால் தன் பெயரை எழுதி, அதை அவருடைய டூல்ஸ் பையின் வாரில் கட்டினாள். செக்கிங் பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. தம்பி கிளம்பும்போது, நாளை வேறு ஆளோடு போ என்று அவள்தான் சொன்னாள். அவன் சாப்பிடாமல் போனான்.

காலையில் அவள் எழுந்து வந்தபோது அவர் சவரம் செய்து, சட்டை மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலைக்குத்தான் கிளம்பிவிட்டார் என்று நினைத்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். அட்டை இருந்தது. சாக்கட்டி எழுத்து கை பட்டுப் பாதி அழிந்திருந்தது. அதன்மேலேயே, அழியாத மார்க்கரில், அவள் பெயரை அவள் எழுத்து மாதிரியே அவர் எழுதிவைத்திருந்தார்.

கம்பெனிக்கு இருவரும் போனார்கள். சூப்பர்வைசரின் மேசையில் பையை வைத்து, கொஞ்ச நாளைக்குக் குழிப்பக்கம் வரமாட்டேன் என்றார் செக்கிங். சூப்பர்வைசர் அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தார். "என்னப்பா செக்கிங், வீட்டம்மா பேரா? கழட்டிட்டு வேலையைப் பாரு."

"போட்டவங்கதான் கழட்டணும்," என்றார் செக்கிங். சூப்பர்வைசர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்து ஓரமாக வைத்தார்.

அங்கிருந்து ஆஸ்பத்திரி. வரிசை நீளமாக இருந்தது. நடுவில் ஒரு தடவை அவர் நின்றுபோனார். கையிலிருந்த டோக்கன் கசங்கியது. அவள் விரல்களைப் பிரிக்கவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டாள். உள்ளே கூப்பிட்டதும் நர்ஸ், என்ன பண்ணுது, எத்தனை நாளா என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் செக்கிங். "இவளைக் கேளுங்க."